கரண்ட் போன பின்னும் ஓடிய பட்டை

எனக்குக் கோபம் வராது என்று என் கணவர் உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. விரல் நீளமுள்ள ஒரு நீலப் பட்டையின் மேல் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகருக்குக் குடிவந்ததே அருகிலிருந்த பெரிய அரசு மின்னணுத் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை கிடைத்ததால்தான். நான் மீட்டர்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். அங்கே எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்த விதி ஒன்று உண்டு. மின்சாரம் பாயாதபோது முள் அசையக் கூடாது. குறைவாகக் காட்டும் மீட்டரைத் திருத்தலாம், தாமதமாகக் காட்டும் மீட்டரையும் திருத்தலாம். ஒன்றுமே இல்லாதபோது முள்ளை ஆட்டும் மீட்டரைத் திருத்தும் வழக்கம் கிடையாது, நேரே கழிவுத் தொட்டிக்குப் போகும். பல வருடங்கள் நான் செய்த வேலை இதுதான்.

விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது நான் எடுத்துக்கொண்டேன், அவர் எடுக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கொண்டாப்பூரில் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தேன். புகைப்படங்களை ஏற்றி வைத்து உறவினர்களுக்குக் காட்டுவதற்கான இணையதளம் நடத்தினார்கள். மகனையோ மகளையோ அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்ட குடும்பங்கள்தான் அதிகம் பயன்படுத்தின. தளத்தில் எதைப் புதிதாகச் சேர்த்தாலும் வெளியே விடுமுன் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் என் மகன் வயதுக்காரர்கள். நேரில் ‘மேடம்’ என்பார்கள், நான் தேநீர் எடுக்கப் போனதும் ‘ஆன்ட்டி’ என்பார்கள். எனக்கு இரண்டும் காதில் விழும்.

தளத்தில் ஒரு குறை இருந்தது. படத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் திரை அப்படியே நிற்கும். படம் போகிறதா, போகவில்லையா, வழியில் எங்காவது மாட்டிக்கொண்டதா, ஒன்றும் தெரியாது. அகலக்கற்றை இணைப்பு என்று பெயர்தானே தவிர, எங்கள் பகுதியில் அதன் அகலம் ஊசிக் காதளவுதான். மக்கள் பொறுமையிழந்து மறுபடி மறுபடி அழுத்துவார்கள். ஒரே பாட்டியின் ஒரே படம் நான்கு தடவை வந்து நிற்கும். ஆகவே ஏற்றம் எவ்வளவு முடிந்தது என்று காட்ட ஒரு பட்டை வேண்டும் என்று முடிவானது. நானும்தான் கேட்டேன். அது வரப்போகிறது என்றதும் மகிழ்ந்தவள் நான்.

பட்டை வந்தது. அழகாகவே இருந்தது. இடமிருந்து வலமாக நீலம் வழுக்கிக்கொண்டு போகும். நிறைந்ததும் ‘உங்கள் படங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன’ என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், பக்கத்தில் ஒரு பச்சை டிக். நான் பழைய பழக்கத்தில் ஒரு சோதனை செய்தேன். பட்டை பாதி வந்திருக்கும்போது கணினியின் பின்னால் கையை விட்டு இணைப்புக் கம்பியைப் பிடுங்கினேன்.

பட்டை நிற்கவில்லை. அதே வேகத்தில் போய், நிறைந்து, பச்சை டிக் போட்டது. கம்பி என் கையில் இருந்தது.

மறுபடி செய்தேன். இந்த முறை தொடக்கத்திலேயே பிடுங்கினேன். அப்போதும் படங்கள் ‘பத்திரமாக’ வந்து சேர்ந்தன.

எங்கள் மேலாளர் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பையன். வீட்டில் தமிழ், தெருவில் தக்கனி உருது என்று வளர்ந்தவர் என்பதால் இரண்டையும் ஒரே வாய்க்குள் போட்டு மென்று பேசுவார். கம்பியைக் கையில் பிடித்தபடியே அவருடைய இடத்துக்குப் போனேன்.

“இந்தப் பட்டை எதையுமே அளக்கலை” என்றேன்.

“ஹவ் மேடம், ஆமா, தெரியும். டைமர்தான் அது.”

“தெரிஞ்சேவா போட்டிருக்கீங்க?”

“ஜனங்களுக்குக் கண்ணு முன்னாடி ஏதாச்சும் ஓடணும் மேடம், அவ்ளோதான். லிஃப்ட் பக்கத்துல கண்ணாடி மாட்டுறாங்க இல்ல? வெயிட் பண்றவன் தலை சீவிக்கிட்டு இருப்பான். அந்த மாதிரி.”

“கண்ணாடி, லிஃப்ட் வந்தாச்சுன்னு சொல்றதில்ல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “கைக்கு மேடம், எதுக்கு இவ்ளோ டென்ஷன்? நிஜமா அளக்குற பட்டை போடணும்னா ரொம்ப வேலை. அதுவும் நிஜமானது நின்னு நின்னு போகும், பார்க்கவே நல்லா இருக்காது. இது பாருங்க, வெண்ணெய் மாதிரி போகுது.”

வெண்ணெய் போல் போவதுதான் அதன் குற்றமே என்று விளக்கினேன். படம் வராமலே வந்ததாகச் சொன்னால் யாராவது நம்பிவிடுவார்கள் என்றேன். நம்பி என்ன செய்வார்கள், மறுபடி ஏற்றுவார்கள் என்றார் அவர். நான் அங்கிருந்து நகரவில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் தூக்கினார்.

“சரி மேடம், நிஜமானது ரெடி ஆகுற வரைக்கும் இதை வெளியில விடமாட்டேன். ப்ராமிஸ். போதுமா?”

அது வெள்ளிக்கிழமை. நான் நம்பி வீட்டுக்குப் போனேன். அவர் வாக்கும் அந்தப் பட்டை போலத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இனி எங்கள் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு, தார்நாகாவில் இருக்கும் என் நாத்தனார் வீடு, எங்கள் தெருவில் என் கணவரோடு வேலை செய்பவர் வீடு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிஜிட்டல் கேமரா. எந்த வீட்டில் விசேஷமோ அந்த வீட்டுக்குப் போகும். படங்களைச் சேமிக்கும் அட்டை மிகச் சிறியது. ஒரு விசேஷத்தோடு நிரம்பிவிடும். ஆகவே எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கேமராவை அடுத்த வீட்டுக்குக் கொடுக்குமுன் படங்களை இணையதளத்தில் ஏற்றி, அட்டையைக் காலி செய்து, பேட்டரியைச் சார்ஜ் ஏற்றித்தான் தர வேண்டும். முன்பு ஒரு பூணூல் விசேஷத்தில், முந்தைய வீட்டின் பிறந்தநாள் படங்கள் அழிக்கப்படாமல் இருந்ததால் இடம் போதாமல் பெரிய மனத்தாங்கல் ஆகி, அதற்குப் பிறகு போட்ட சட்டம்.

படங்களைத் தங்கள் கணினியிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். மற்ற இரண்டு வீட்டிலும் வைத்துக்கொண்டோம். நாத்தனாரின் கணவர் தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. தன் ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருக்கும் கணினியில் கல்யாணப் படங்கள் ஏறினால் வைரஸ் வரும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அட்டையிலிருந்து நேரே இணையத்துக்குப் போகலாம், வழியில் அவர் கணினியில் தங்கக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை அமெரிக்காவில். விடுப்புக் கிடைக்கவில்லை, வந்தால் திரும்பிப் போக விசா முத்திரைக்கு அலைய வேண்டும் என்ற பயம் வேறு. “எனக்குப் படம் போதும், ஒண்ணுகூட விடாம எடுங்க” என்று ஒவ்வொரு நாளும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாராம். முதல் குழந்தை. அவர் பார்க்கப்போவது அந்தப் படங்களை மட்டும்தான்.

நானே எடுத்தேன். வேப்பிலைக் காப்பு போட்டதிலிருந்து கடைசிச் சுமங்கலி சந்தனம் பூசியது வரை, ஒருவர் முகமும் விடுபடாமல் எடுத்தேன். சாப்பிட்டுவிட்டு நானும் என் கணவரும் பஸ் பிடித்துக் கிளம்பிவிட்டோம். மறுநாள் காலையில் எங்கள் தெரு நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழா. கேமராவை வாங்க அவரே ஸ்கூட்டரில் தார்நாகாவுக்குப் போனார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் போன் வந்தது. என் கணவர் வீட்டார் திருநெல்வேலிக்காரர்கள். நாத்தனார் ஹைதராபாத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவள் பேச்சில் ஓர் எழுத்து மாறவில்லை.

“மதினி, படத்தையெல்லாம் எங்க வச்சிருக்கிய? மாப்பிள்ளை ராத்திரி பூரா தேடியிருக்காரு. ஆல்பத்துல ஒண்ணுமில்லைங்காரு.”

“நீ ஏத்துனியா?”

“ஏத்தாமலா? வாசல்ல கேமரா வாங்க வந்தவரு ஹெல்மெட்டைக்கூட கழட்டாம நின்னு ஹாரன் அடிக்காரு. இடையில கரண்ட் வேற போயிட்டு. ஃபேன் நின்னுட்டு. ஆனா உங்க பட்டை மட்டும் நிக்கல மதினி! அது பாட்டுக்கு ஓடி டிக்கு போட்டுட்டு. பரவாயில்லையே, மதினி கம்பெனின்னா கம்பெனிதான்னு நெனச்சேன். உடனே கார்டை அழிச்சுக் கையில குடுத்துட்டேன்.”

எனக்குக் கண் முன்னால் தெரிந்தது. கணினி யூ.பி.எஸ்.ஸில் இருந்தது. இணையம் தரும் மோடம் சுவர் பிளக்கில் இருந்தது. கரண்ட் போனதும் மோடம் செத்துவிட்டது. நான் கையால் பிடுங்கிப் பார்த்ததை மின்வாரியம் பிடுங்கிக் காட்டியிருக்கிறது. விசிறி நின்ற அறையில் என் நாத்தனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எங்கும் போகாத படங்கள் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை எனக்கு வாக்குக் கொடுத்தவர் சனிக்கிழமை அதைத் தளத்தில் விட்டிருக்கிறார்.

அழித்த படங்களை அட்டையிலிருந்து சில சமயம் மீட்க முடியும். அதன் மேல் வேறு படம் எடுக்காமல் இருக்க வேண்டும். புதுமனையில் அதற்குள் பசு வீட்டுக்குள் நுழைந்து, கணபதி ஹோமம் முடிந்து, பால் பொங்கி, அட்டை நிரம்பியிருந்தது.

எங்கள் சர்வரில் அரைகுறையாக வந்து நின்றவை கிடக்கும் இடத்தைத் துழாவினேன். ஒரே ஒரு படம் இருந்தது, அதுவும் பாதி. மேலே சுவரில் மல்லிகைச் சரம், மாவிலை, பெண்ணின் நெற்றிச்சுட்டி, புருவம், கண்கள், அவள் தலைக்கு மேல் அட்சதை தூவ நீண்ட யாரோ ஒருத்தியின் கை. கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறம். வளையல் இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல்.

அன்று கம்பெனியில் பணம் போட வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பட்டையை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார் மேலாளர். அவர்கள் போகும் வரை காத்திருந்தேன்.

“வெள்ளிக்கிழமை வாக்குக் குடுத்தீங்க.”

“ஹவ், குடுத்தேன். அப்புறம் இவங்க வர்றாங்கன்னு மெயில் வந்துச்சு. திரை சும்மா நின்னா நல்லாவா இருக்கும் மேடம்?”

நடந்ததைச் சொன்னேன். பாதிப் படத்தைத் திறந்து காட்டினேன். ஒரு நிமிடம் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

“ஆனா மேடம், கார்டை அழிக்கச் சொன்னது யாரு? அது யூசர் மிஸ்டேக்.”

“‘பத்திரமாக வந்து சேர்ந்தன’ன்னு எழுதினது யாரு? யூசரா?”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. நிரல் எழுதும் வரங்கல் பெண் மட்டும் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “நேனு செப்பானு மேடம்” என்றாள். அவளும் முன்பே சொல்லியிருக்கிறாள். அவள் பேச்சும் எடுபடவில்லை.

பொய்ப் பட்டை போனது. ஆனால் என் நாத்தனாருக்காகப் போகவில்லை, நேர்மைக்காகவும் போகவில்லை. அதே மாதிரிப் புகார்கள் வேறு பல வீடுகளிலிருந்தும் வரத் தொடங்கின, பணம் போடுகிறவர்கள் அவற்றைப் படித்துவிடுவார்களே என்பதால் போனது. வரங்கல் பெண் நிஜப் பட்டையை எழுதினாள். அதில் மந்திரம் ஏதுமில்லை. எங்கள் சர்வருக்கு இதுவரை எவ்வளவு வந்திருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டு, வந்ததை மட்டும் நீலமாக்கும். நான் கம்பியைப் பிடுங்கினேன். பட்டை நின்றது. மறுபடி செருகும் வரை அசையவே இல்லை. அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

இதற்கிடையில் தார்நாகாவில் வேறொரு திட்டம் தயாராகியிருந்தது.

“மதினி, மறுபடி ஒருக்கா வளைகாப்பு வச்சிருவோம். போட்டோவுக்கு மட்டும். அவ அதே பட்டுச்சேலை கட்டுவா. அக்கம்பக்கத்துல நாலு பேரைக் கூப்பிட்டா போதும்.”

“நடந்து முடிஞ்சதை மறுபடி எப்படிம்மா நடத்துறது?”

“மாப்பிள்ளைக்கு என்ன தெரியப்போவுது? ஆசையா இருக்காரு, பாவம்.”

மகள் உள்ளேயிருந்து கத்தினாள். அவள் படித்ததெல்லாம் இங்கேதான், கோபம் வந்தால் தெலுங்குதான் முதலில் வரும். “வத்தும்மா, வேணாம்! எனக்கு முதுகு வலிக்குது. திரும்பவும் உக்காரணுமா?”

“நீ சும்மா உக்காருட்டி. நாங்க போடுதோம்.”

எனக்குச் சம்மதமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னேன். “உங்க கம்பெனியாலதான மதினி?” என்று நாத்தனார் கேட்டாள். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். கேமராவை எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாவது வளைகாப்பில் ஒரு சிக்கல் எழுந்தது. வளைகாப்பன்று போட்ட கண்ணாடி வளையல்களைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். படத்துக்காகக் கழற்றலாமே என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதுதான் தாமதம், நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தாள். படத்துக்காக நடிக்கலாம், வளையலைத் தொடக் கூடாது. கடைசியில் இரண்டு கையும் முழங்கை வரை நிறைந்த வளையலோடு பெண் உட்கார்ந்தாள். அதற்கு மேல் இடமில்லாததால் பெண்கள் ஒவ்வொரு வளையலையும் கையருகே கொண்டுபோய், போடுவது போல் காட்டி, எடுத்துவிட்டார்கள். நான் ஒவ்வொன்றையும் படமெடுத்தேன்.

அன்றே நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நாத்தனார் படங்களை ஏற்றினாள். பட்டை கால்வாசிக்கு வந்து நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி நின்றது. அவள் முகவாயில் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“உங்க புதுசு ரொம்ப மந்தமால்லா இருக்கு மதினி. பழசு எவ்வளவு ஜோரா ஓடிச்சு!”

எல்லாவற்றையும் இழந்தவளே இப்படிச் சொன்னால் அந்த மேலாளரை நான் எந்த முகத்தோடு திட்டுவது? அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? ஆகாது. அவளுக்கு வேகம் பிடித்திருந்தது என்பதால் பொய் சொல்ல யாருக்கும் உரிமை வந்துவிடாது. இதை அவளிடம் சொன்னேன். “சரி சரி, கோவிக்காதிய” என்று காபி கலக்கப் போனாள். பட்டை நிறைந்ததும் ஆல்பத்தைத் திறந்து, படங்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அட்டையை அழிக்க விட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தார். நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள்.

“படம் எல்லாம் சூப்பர் அத்தை. ஒரு டவுட். முதல் படத்துலயே இவ கை நிறைய வளையல் போட்டிருக்காளே. அப்புறம் எல்லாரும் எதுக்குப் போட வர்றாங்க?”

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். மகள் போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்விட்டாள். கண்ணாடி வளையல்கள் குலுங்கும் சத்தமும் நடுநடுவே தெலுங்கும் கேட்டன. நீண்ட நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

“அத்தே, நடந்ததெல்லாம் சொல்லிட்டேன். அந்தப் பாதிப் படம் உங்ககிட்ட இருக்காமே. அது போதுமாம் அவருக்கு. அதை அனுப்பச் சொல்றாரு.”

அனுப்பினேன். பட்டை ஒரே மூச்சில் நிறைந்தது, பாதிப் படம்தானே. நிறைந்த கை வளையல் படங்களெல்லாம் ஆல்பத்திலேயே கிடந்தன. இந்தப் பாதியை மட்டும் அவர் அச்செடுத்துச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நெற்றிச்சுட்டி, கண்கள், அட்சதைக் கை, அதற்குக் கீழே சாம்பல்.

இந்தக் கதை அலுவலகத்துக்கும் போய்விட்டது. மேலாளர் உற்சாகமாக என்னிடம் வந்தார். “மேடம், ரொம்ப டச்சிங்! நம்ம முதல் பக்கத்துல போடலாமா? அந்தப் பாதி போட்டோ, கீழே ரெண்டு வரி?”

“நக்கோ” என்றேன், வேண்டாம் என்று. அவர் மொழியில் நான் பேசிய ஒரே சொல் அது.

குழந்தைக்கு இப்போது அந்தப் படத்தைக் காட்டி, “இதுல நீயும் இருக்க, கீழே, தெரியலையா?” என்று கேட்டுச் சிரிப்பார்களாம். நாத்தனார் அதைச் சொல்லும்போதெல்லாம் சுற்றியிருப்பவர்களும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தச் சாம்பல் நிறத்துக்குக் கீழே என்னவெல்லாம் இருந்தன என்று எனக்குத் தெரியும். நான்தான் எடுத்தேன்.